தைரியமா இருந்தா மூச்சு வந்துடுமா?

"மனசை தைரியமா வச்சுக்கோ, எல்லாம் சரியாயிடும்."

நுரையீரல் நோயாளி இருக்கும் வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் தவறாமல் சொல்லும் வசனம் இது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வருபவரும் சொல்வார், வெறுங்கையோடு வருபவரும் சொல்வார். செலவில்லாத வசனம் அல்லவா!

எனக்கு இதன் மேல் ரொம்ப நாளாகவே கோபம். சமீபத்தில் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் "நோய் உடம்பில் இல்லை, மனதில்தான் இருக்கிறது" என்று மேடையில் முழங்க, அரங்கமே கைதட்டியது. அதைப் பார்த்தபிறகு கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். நாள்பட்ட நுரையீரல் நோயோடு வாழ்பவருக்கு நம்பிக்கை கட்டாயம் வேண்டும். ஆனால் அது வாயால் ஊட்டி வருவதல்ல. மருந்து, மூச்சுப் பயிற்சி, புகையில்லாத அடுப்பு, கூட ஒரு ஆள்... இவை இருந்தால் நம்பிக்கை தானாக வரும். இவை எதையும் தராமல் "தைரியமா இரு" என்று மட்டும் சொல்வது, நம்முடைய கடமையை நோயாளியின் தலையில் கட்டிவிட்டு நழுவுவது.

முதலில் இது என்ன நோய் என்று பார்ப்போம். டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்கிறார்கள். ஊரில் இளைப்பு, இழுப்பு, வீசிங் என்று என்னென்னவோ பெயர். இந்த நோயில் மூச்சுக்குழாய்கள் சுருங்கிவிடும், நுரையீரலின் காற்றுப் பைகள் சிதைந்துவிடும். பலரும் நினைப்பதுபோல் காற்றை உள்ளே இழுப்பதில் மட்டும் சிக்கல் இல்லை, வெளியே விடுவதில்தான் பெரிய சிக்கல். பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுவதால் புதிய காற்றுக்கு இடமில்லை. சிதைந்த பகுதி திரும்ப முளைக்காது. மனதில் எவ்வளவு உறுதி இருந்தாலும் முளைக்காது!

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் இந்த நோயால் சுமார் 35 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். உலகில் உயிர் குடிக்கும் காரணங்களில் நான்காவது இடம்.

அடுத்து, இது யாருக்கு வருகிறது? "பீடி, சிகரெட் குடிச்சிருப்பாங்க" என்பதுதான் எல்லோரிடமும் இருக்கும் ரெடிமேட் பதில். பணக்கார நாடுகளில் இந்த நோயாளிகளில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குப் புகைபிடித்தல்தான் காரணம். ஆனால் நம்மைப் போன்ற நாடுகளில் அது 30 முதல் 40 சதவீதம்தான் என்று அதே நிறுவனம் சொல்கிறது. மீதியில் பெரும்பங்கு அடுப்புப் புகைக்கு.

எங்கள் ஆயா பீடியைக் கையால்கூடத் தொட்டதில்லை. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட எங்கள் வல்லம் பக்கம் அந்தக் காலத்தில் கேஸ் ஏது? சவுக்கு மிலாறு, வேலிகாத்தான் முள், மல்லாட்டைக் கொடி, மழை நாளில் வரட்டி. நாற்பது வருஷம் ஊதுகுழலை வைத்து ஊதி ஊதி ஒரு குடும்பத்துக்கே சோறு போட்டவருக்கு இன்று தெருமுனை வரை நடந்தால் மூச்சு வாங்குகிறது. அவரைப் பார்த்து "மனசுல தைரியம் இல்ல, அதான்" என்கிறார்கள். இதைவிட அநியாயம் உண்டா நண்பர்களே?

மன உறுதி மட்டும் போதும் என்றால் புத்ததேவ் பட்டாச்சார்யாவுக்கு என்ன குறை? 2000 முதல் 2011 வரை மேற்கு வங்க முதல்வர். வாழ்நாள் முழுக்க அரசியல் போராட்டத்தில் இருந்தவர். 2019 பிப்ரவரியில் கொல்கத்தா பிரிகேட் மைதானக் கூட்டத்துக்கு வந்தவர், மூச்சுத் திணறலால் காரைவிட்டு இறங்க முடியாமலே திரும்பினார். பல ஆண்டுகள் சி.ஓ.பி.டி.யோடு வாழ்ந்து 2024 ஆகஸ்ட் 8-ல் காலமானார். அவருக்கு மனசு சரியில்லை என்று எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சாளராவது சொல்வாரா?

இந்தச் சண்டை நம் தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. ஒரு காலத்தில் காசநோய்க்கு சானடோரியம்தான் வைத்தியம். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, கவலையில்லாத மனசு. தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய சானடோரியத்தின் பெயர் இன்றும் ரயில் நிலையத்தில் இருக்கிறது. பிறகு 1956-ல் சென்னையில் ஒரு ஆய்வு தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் சேர்த்தார்கள். இன்னொரு பகுதியினரை நெரிசலான அவர்கள் வீட்டிலேயே வைத்து அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டு வைத்தியம் சானடோரியத்துக்குக் கிட்டத்தட்ட சமமாகவே வேலை செய்தது! நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் இல்லாத ஏழை வீட்டிலும் நோய் குணமானது.

காரணம் என்ன? மருந்து இலவசமாகக் கிடைத்தது. தொடர்ந்து கிடைத்தது. மருத்துவ ஊழியர்கள் வீடு தேடி வந்து விசாரித்தார்கள். உலகமே காசநோய் வைத்தியத்தை மாற்றிக்கொள்ள இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். ஆதரவு என்றால் என்ன என்பதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த ஊரில் இருந்துகொண்டு நாம் இன்னும் ஆறுதல் வசனம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சரி, அப்படியானால் மனசுக்கு வேலையே இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேலை இருக்கிறது. பயம் வந்தால் மூச்சு வேகமாகும். வேகமானால் காற்றை முழுதாக வெளியே விட நேரமில்லை. உள்ளே காற்று இன்னும் அடைபடும், திணறல் கூடும், பயமும் கூடும். இந்தச் சுழலை உடைக்க ஒரு பயிற்சி உண்டு. மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டை விசில் அடிப்பதுபோல் குவித்து நான்கு எண்ணும் வரை மெதுவாக விடுவது. அப்படி விடும்போது மூச்சுக்குழாய் சட்டென்று மூடிக்கொள்ளாது. ஆக, அமைதி என்பது கற்றுக்கொடுக்க வேண்டிய ஒரு வித்தை. "பயப்படாதே" என்று சொல்பவர்களில் எத்தனை பேர் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள்?

இந்த மூச்சுப் பயிற்சியோடு நடைப்பயிற்சி, நோய் பற்றிய விளக்கம், மனநல ஆலோசனை எல்லாம் சேர்த்து, வாரத்துக்குச் சில நாட்கள் என இரண்டு மாதம் போலக் கொடுப்பதற்குப் பெயர் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2015-ல் இதுபற்றிய 65 ஆய்வுகளை, 3822 நோயாளிகளை எடுத்துப் பார்த்தது. திணறலும் சோர்வும் குறைகின்றன, நோயைச் சமாளிக்கிறோம் என்ற உணர்வு கூடுகிறது, இது பலன் தருமா என்று பார்க்க இனி புதிய ஆய்வே தேவையில்லை என்று முடித்துவிட்டது. நாம் தேடும் பாசிட்டிவ் மனநிலை இங்கே இருக்கிறது. ஆனால் இது கிடைக்க எங்கள் ஊர் நோயாளி முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ பஸ் மாறிப் போக வேண்டும். படியேறவே மூச்சு இல்லாதவர் வாரம் இரண்டு முறை அப்படிப் போய் வருவாரா?

எனவே என் கோரிக்கைகள் இவை:

1. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர் கருவி ஒவ்வொரு வட்டாரத்திலும் வேலை செய்ய வேண்டும். அது இல்லாமல் நோயை உறுதி செய்ய முடியாது. பல வருஷம் "சளி" என்று மாத்திரை விழுங்கியே காலம் போய்விடுகிறது.

2. இன்ஹேலர் இடைவிடாமல் கிடைக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல திட்டம். அந்தப் பையில் இன்ஹேலருக்கும் சமமான இடம் வேண்டும்.

3. "இன்ஹேலர் பழகிடும்" என்ற வதந்தியை ஒழிக்க வேண்டும். சால்புடமால் இன்ஹேலரின் ஒரு அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம்தான் மருந்து. அதே மருந்தின் மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம். எது குறைவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

4. மறுவாழ்வுப் பயிற்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். பெரிய இயந்திரம் தேவையில்லை. நடக்க ஒரு வராண்டா, உட்கார நாற்காலி, பயிற்சி பெற்ற ஒருவர் போதும். பத்து நோயாளிகள் வாரம் ஒருநாள் ஒன்றாகக் கூடினாலே "எனக்கு மட்டும்தான் இப்படியா" என்ற எண்ணம் பாதி போய்விடும்.

5. சிலிண்டர் விலை. இலவச கேஸ் அடுப்பும் வந்தது, 2016-ல் உஜ்வலாவும் வந்தது. ஆனால் காலி சிலிண்டரை மாற்றக் காசில்லாத வீட்டில் அடுப்பு அலங்காரப் பொருள். பிரிக்கப்படாத நம் விழுப்புரம் மாவட்டமும் இடம்பெற்ற ஹேப்பின் ஆய்வில் கர்ப்பிணிகளுக்கு 18 மாதம் கேஸ் இலவசமாகக் கொடுத்தார்கள். விறகு வீடுகளில் கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்த நுண்துகள், கேஸ் கிடைத்தவர்களுக்கு 24 ஆக இறங்கியது. குழந்தைகளின் பிறப்பு எடை கூடவில்லை என்பதும் 2022-ல் வந்த அதே முடிவுதான். பல வருஷப் புகையின் கணக்கு சில மாதத்தில் தீராது. அதனால்தான் சீக்கிரம் தொடங்கு என்கிறேன்.

"இதற்கெல்லாம் அரசிடம் பணம் ஏது?" என்று ஒரு கோஷ்டி வரும். காசநோயாளிக்கு மருந்து இலவசம். சத்துணவுக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய். மனசு வைத்தால் முடிகிறதே! வேடிக்கை என்னவென்றால், காசநோய் குணமானபின் தழும்பேறிய நுரையீரலோடு காலம் முழுக்கத் திணறுபவர்களும் உண்டு. கிருமி போனதும் உதவித்தொகையும் போய்விடும். மூச்சுத் திணறல் மட்டும் போகாது.

நாம் மாணவர்கள், நம்மால் என்ன முடியும்? அடுத்த முறை இப்படி ஒரு வீட்டுக்குப் போனால் அந்த வசனத்தை விட்டுவிடுங்கள். இன்ஹேலர் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று கேளுங்கள். அதைச் சரியாக அழுத்தி இழுக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். சிலிண்டர் இருக்கிறதா என்று சமையல்கட்டை எட்டிப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் கூடப் போய் வாருங்கள். கிராம சபை நடக்கும்போது எழுந்து நின்று இன்ஹேலர் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.

ஹார்லிக்ஸ் பாட்டில்கூட வேண்டாம்.