கடல் கடந்து வந்த வகுப்புத் தோழர்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல்வழி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அவ்வழியே வந்து இராமநாதபுரம் மாவட்டப் பள்ளியொன்றில் சேரும் ஈழ மாணவர் தமிழர், தமிழ்வழியில் பயின்றவர். ஆதலின் அவருக்கு இங்குக் கற்பதில் இடர்ப்பாடு இராது என்றே பலரும் எண்ணுவர். பாடநூலைத் திறந்த முதல் நாளிலேயே அவ்வெண்ணம் பொய்த்துவிடும்.

அவர் 'பௌதிகவியல்' என்று பயின்றது இங்கு 'இயற்பியல்'. 'இரசாயனவியல்' இங்கு 'வேதியியல்'. அங்கு 'ஆர்முடுகல்' என்பதை இங்கு 'முடுக்கம்' என்பர். 'அமுக்கம்' இங்கு 'அழுத்தம்'. 'நுணுக்குக்காட்டி' இங்கு 'நுண்ணோக்கி'. 'ஒட்சிசன்' இங்கு 'ஆக்சிஜன்'. நியூட்டனின் விதிகளைப் பிழையறக் கற்ற மாணவரும், வினாத்தாளிலுள்ள ஒரு சொல் விளங்காமையால் விடை எழுதாது விட நேரலாம். இஃது அறிவுக் குறையன்று. சொல் மாற்றத்தால் நேரும் தடுமாற்றமே. கல்வியாண்டும் அவ்வாறே வேறுபடுகிறது. அங்குச் சனவரியில் தொடங்குவது மரபு. இங்குச் சூன் மாதம். நடுவில் வந்து சேர்பவர் சில பாடங்களை இருமுறை கற்பார். சிலவற்றை ஒருமுறையும் கல்லார்.

இக்குறையைக் களைவதற்கு ஆசிரியரைவிட, அருகில் அமர்ந்திருக்கும் மாணவரே ஏற்றவர். வகுப்பு முழுமைக்கும் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று விளக்குதல் அரிது. புதியவரும் ஆசிரியரிடம் கேட்கத் தயங்குவார், தோழரிடம் தயங்கார்.

உலகின் பிற பகுதிகளிலும் இவ்வுண்மை உணரப்பட்டுள்ளது. ஐரோப்பாவில் 1987ஆம் ஆண்டு எராஸ்மஸ் என்னும் மாணவர் பரிமாற்றத் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, அயல்நாட்டில் பயின்று திரும்பிய மாணவர்கள், தம் நாட்டிற்கு வருவோர்க்கு உதவத் தாமே தன்னார்வ வலையமைப்பு ஒன்றை நிறுவினர். புதிய ஊரில் தாம் திகைத்து நின்ற நாள்களை அவர்கள் மறக்கவில்லை. எனினும், பரிமாற்ற மாணவர் கடவுச்சீட்டுடன் வருபவர். திரும்பும் நாளும் அவருக்கு உறுதி. மண்டபம் முகாமுக்கு வரும் மாணவருக்கு இவ்விரண்டும் இல்லை. தேவை மிகுந்த இடத்தில் துணை குறைவாக இருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மண்டபம் இத்தகைய வருகைகளுக்குப் புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களை நோய்த்தடுப்பிற்காகத் தங்கவைத்த இடம் அது. 1983 சூலைக் கலவரத்திற்குப் பின்னர் எதிர்த்திசையில் மக்கள் வந்தபோது அதுவே புகலிடமாயிற்று. 1984ஆம் ஆண்டு சந்திரகாசன் அவர்களின் முயற்சியால் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தோன்றியது. முகாம்களில் மாலைநேர வகுப்புகளை நடத்திய தன்னார்வலர்களுள் பலர் முகாம்களிலேயே வாழ்ந்த இளைஞர்கள். 1991க்குப் பின்னர்ச் சில ஆண்டுகள் ஏதிலிய மாணவர்க்குரிய கல்லூரி இடங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. அக்காலத்தும் கற்பிக்கும் ஆர்வம் அவியவில்லை. பெரும்பணம் இன்றி, தாம் கற்றதை இளையோர்க்குக் கற்பித்த அவ்விளைஞர்களே இத்துறையில் தலைசிறந்த முன்மாதிரிகள் எனலாம்.

2021ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு இம்முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. 2022 மார்ச்சு முதல், இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் மீண்டும் குடும்பங்கள் தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கின. அவர்களுள் பள்ளிப் பருவத்தினரும் இருந்தனர். ஆகவே கடலோரப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் சிறு மாணவர் துணைக்குழு அமைதல் வேண்டும். அதன் முதற்பணி, இருநாட்டுக் கலைச்சொற்களையும் எதிரெதிரே எழுதிய ஒரு குறிப்பேட்டை உருவாக்குவதாகும். அதனை வந்தவரும் இருப்பவரும் சேர்ந்தே எழுத வேண்டும். அங்குள்ள சொற்களை அறிந்தவர் வந்தவரன்றோ?

மேல்நிலைத் தேர்வு நெருங்கும்போது இத்தகைய பணி மதிப்பெண்ணைக் குறைக்கும் என்பர் பெற்றோர் சிலர். அவ்வச்சத்தை இகழ்தல் கூடாது. வாரத்திற்கு இரண்டு மணிநேரம் என வரம்பு வகுத்தால் போதும். பிறருக்கு விளக்கும்போது தமக்கே பாடம் தெளிவாதலைப் பயிற்றுவோர் அனைவரும் அறிவர்.

குடியுரிமை, கடவுச்சீட்டு, வேலைவாய்ப்பு ஆகிய பெருஞ்சிக்கல்களை மாணவர் குழு தீர்க்க இயலாது. பட்டம் பெற்றும் பயனில்லை என்று மனந்தளர்ந்து படிப்பை நிறுத்துவோர் உளர். கல்லூரி விண்ணப்பத்தின் இறுதிநாளையும் வேண்டிய சான்றிதழ்களையும் உரிய காலத்தில் நினைவூட்டுதல் மட்டும் குழுவினரின் கையில் உள்ளது.

உதவுவோர் ஒன்றில் விழிப்பாக இருத்தல் வேண்டும். படகில் வந்த கதையை அவர் தாமே சொல்லும்வரை கேட்கலாகாது. உதவும் காட்சியைப் படமெடுத்துப் பரப்புதல் அதனினும் தகாதது. மறுநாள் தேர்வைப் பற்றிப் பேசலாம். இங்கு மட்டைப்பந்து எனவும் அங்குத் துடுப்பாட்டம் எனவும் வழங்கும் ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம்.