கண்ணுக்கு முன்னாடியே இருந்தும்...

போன செமஸ்டர் அக்கவுண்ட்ஸ் பரீட்சை. கடைசி பத்து நிமிஷம், பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை. சொத்துப் பக்கத்தையே நாலு தடவை கூட்டிப் பார்த்தேன். வெளியே வந்தபிறகுதான் உறைத்தது: கொடுபட வேண்டிய சம்பளத்தை லாப நட்டக் கணக்கில் சேர்த்த நான், பொறுப்புப் பக்கம் எழுதவே இல்லை. பதற்றத்தில் கண் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. எனக்குப் போனது மார்க். தீயணைப்பு வீரருக்கு?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் க்வேக் டெக்னாலஜீஸ் என்ற கம்பெனி சி-த்ரூ என்று ஒரு கருவி செய்தது. ஹெல்மெட்டில் தெர்மல் கேமரா. புகைக்குள் இருக்கும் பொருட்களின் ஓரங்களை வெறும் கோடுகளாகக் கண் முன் காட்டும். ஆகுமென்டட் ரியாலிட்டியில் எனக்குப் பிடித்த வேலை இதுதான், காரணம் அந்தக் கஞ்சத்தனம். கூடவே சிலிண்டரில் மீதிக் காற்று, கட்டட வரைபடம், கூட்டாளி நிற்கும் இடம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றும் தேவை மாதிரியேதான் தோன்றும்!

சேர்த்தால் என்ன ஆகும்? விமானி குனியாமலே வேகம், உயரம் எல்லாம் எதிரே தெரிகிற ஹெட்-அப் டிஸ்ப்ளேவை வைத்து நாசா ஒரு ஆய்வு செய்து 1980-ல் வெளியிட்டது. சிமுலேட்டரில் தரையிறங்கும் நேரத்தில் ஓடுபாதையில் இன்னொரு விமானத்தைக் காட்டினார்கள். டிஸ்ப்ளேவோடு ஓட்டிய சிலர் அதைக் கவனிக்கவே இல்லை. இத்தனைக்கும் அனுபவசாலிகள்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. தெர்மல் கேமராவால் கண்ணாடியை ஊடுருவிப் பார்க்க முடியாது. கண்ணாடியின் சூட்டையும் அதில் பிரதிபலிக்கும் சூட்டையும்தான் அது காட்டும். அதை நம்பிக் கோடு போட்டால்? 1979-ல் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் நடந்தது கிட்டத்தட்ட இதேதான். வால்வை மூடச் சொல்லி சிக்னல் போனதும் விளக்கு அணைந்தது. வால்வு திறந்தே கிடந்தது. நூறுக்கு மேல் அலாரம் அடிக்கும் நேரத்தில் அந்த விளக்கையா சந்தேகப்படுவார்கள்? உலையின் மையத்தில் பாதி உருகிவிட்டது.

அதனால் இந்த மாதிரிக் கருவியை வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, "கேமராவுக்குத் தெரியாத இடத்தை எப்படிக் காட்டுவாய்?" என்றுதான். ஆடிட்டர்கூட தன்னால் சரிபார்க்க முடியாததை அறிக்கையில் எழுதிவிட்டுத்தானே கையெழுத்துப் போடுகிறார்.