மேக்ரோன்னு எழுதினா மேக்ரோ ஆயிடுமா?

மக்களே, ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசுல போன மாசம் ஒரு பழைய 70-300 ஜூம் லென்ஸ் வாங்கினேன். உடம்புல கொட்டை எழுத்துல "மேக்ரோ"ன்னு போட்டிருந்தது. கடைக்காரரும் "எறும்போட கண்ணு தெரியும் தம்பி"ன்னார். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தா, படத்துல எறும்பையே தேட வேண்டியிருக்கு! பார்க்க வேண்டிய எண்ணைப் பார்க்காதது என் தப்பு. ஆனா அதை மூலையில ஒளிச்சு வைக்கறது யார் தப்பு?

லென்ஸ் விவரத்துல ரெண்டு எண் இருக்கும். ஒண்ணு குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம். இன்னொண்ணு அதிகபட்ச உருப்பெருக்கம். விக்கறவங்க முதல் எண்ணைத்தான் பெருமையா சொல்லுவாங்க. கிட்டப் போறதும் பெருசா தெரியறதும் ஒண்ணு இல்லைங்க.

நம்பலையா? கேனன் 18-55 எஸ்டிஎம் கிட் லென்ஸ் 25 செ.மீ.லயே ஃபோகஸ் ஆகும், உருப்பெருக்கம் 0.36 மடங்கு. கேனன் 100 மி.மீ. எல் மேக்ரோவுக்கு 30 செ.மீ. வேணும், உருப்பெருக்கம் 1 மடங்கு. தள்ளி நிக்கறவன்தான் கிட்டத்தட்ட மூணு மடங்கு பெருசா காட்டறான்!

அந்த தூரமும் லென்ஸ் முனையில இருந்து அளக்கறது இல்லை, சென்சார்ல இருந்து. கேமரா தலையில வட்டத்தைக் கோடு வெட்டற மாதிரி ஒரு குறி இருக்கே, அதுதான் சென்சார் இருக்கற இடம். லென்ஸோட நீளம் போக மிச்சம்தான் உங்களுக்கு.

உருப்பெருக்கம்னா சென்சார் மேல விழற பிம்பத்தோட கணக்கு. 6 மி.மீ. எறும்பு 1:1ல 6 மி.மீ.ஆவே விழும், 22 மி.மீ. அகல சென்சார்ல கால்வாசிக்கு மேல அடைச்சுக்கும். என் லென்ஸ் 1:4. அதுல அதே எறும்பு ஒன்றரை மி.மீ.தான். பதினஞ்சுல ஒரு பங்கு!

"மேக்ரோன்னா சும்மா கிட்ட எடுக்கலாம்னு அர்த்தம்"னு வக்காலத்து வாங்கறவங்களுக்கு ஒண்ணு. நிக்கானோட எஃப் மவுன்ட் 105 மி.மீ. லென்ஸ் அசல் 1:1. அது பேர்ல "மைக்ரோ"ன்னுதான் இருக்கு. பேரை வெச்சு எதுவும் தெரியாதுன்னா, எண்ணை விலைக்குப் பக்கத்துல போடறதுல என்ன கஷ்டம்? போன்லயும் இதே கதை: "4 செ.மீ. மேக்ரோ கேமரா"ங்கறாங்க, எவ்ளோ பெருசா தெரியும்னு மூச்சு விடறதில்லை.

அடுத்த தடவை கடையில "எவ்ளோ கிட்ட போகும்"னு கேக்காதீங்க. "உருப்பெருக்கம் எவ்ளோ"ன்னு கேளுங்க. கடைக்காரர் முழிச்சா, பர்ஸை மூடிட்டு வந்துடுங்க.

டிஸ்கி: லென்ஸ் மோசமில்லை. காக்கா, குருவியெல்லாம் நல்லாவே எடுக்குது. எறும்புதான் பாவம் :-)