முதலில் குழாயடி, பிறகு பிளாஸ்திரி



உங்கள் வீட்டில் பிளாஸ்திரி எங்கே இருக்கிறது என்று உடனே சொல்ல முடியுமா? பல வீடுகளில் அது பீரோ டிராயரில், பழைய மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் கிடக்கும். கை அறுபடுவது என்னவோ சமையலறையில்தான். அரிவாள்மனையிலோ தேங்காய்த் துருவியிலோ விரல் பட்டு ரத்தம் சொட்டும்போது யார் போய் பீரோவைத் திறந்து தேடுவது? கைக்கு எட்டுவது காபித்தூள் டப்பா. ஒரு சிட்டிகை எடுத்து அப்பிக்கொண்டு, மிச்ச வெங்காயத்தை நறுக்கி முடித்துவிடுகிறார்கள் நம் வீட்டுப் பெண்கள்.

"காபித்தூள் வைத்தால் ரத்தம் நிற்கிறதே" என்பீர்கள். சின்ன வெட்டு எதுவாக இருந்தாலும், அழுத்திப் பிடித்தால் சில நிமிடங்களில் ரத்தம் நின்றுவிடும். நல்ல பெயர் மட்டும் காபித்தூளுக்குப் போய்விடுகிறது. அந்தத் தூள் வெட்டுக்குள் இறங்கி, ரத்தத்தோடு சேர்ந்து கெட்டிப்பட்டுவிடும். தையல் போட வேண்டிய காயம் என்றால், டாக்டர் முதலில் அதையெல்லாம் கழுவி எடுத்தாக வேண்டும். அந்த வலி தேவையா?

மஞ்சள்தூளுக்கும் இதையேதான் சொல்வேன். மஞ்சளின் மருத்துவக் குணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தினமும் ஸ்பூன் புழங்குகிற அஞ்சறைப் பெட்டித் தூள், திறந்த காயத்தில் வைக்கும் அளவுக்குச் சுத்தமானது இல்லை. தோல் சிவக்கிறதா, சீழ் வைக்கிறதா என்று பார்க்கவும் அந்த நிறம் விடாது.

சரி, என்னதான் செய்வது? சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்; உறையத் தொடங்கிய ரத்தம் கலைந்துவிடும். நின்றதும் குழாய்த் தண்ணீரில் காட்டி நன்றாகக் கழுவுங்கள். சுற்றியுள்ள தோலுக்குச் சோப்பு போடலாம். எரிந்தால்தான் கிருமி சாகும் என்று ஸ்பிரிட்டையும், தண்ணீர் கலக்காத டெட்டாலையும் ஊற்றுகிறோமே, அவை காயத்தை ஆற்றும் புதுத் திசுக்களையும் சேர்த்தே கெடுக்கும். குழாய்த் தண்ணீர் போதும்.

பிளாஸ்திரி வருவது இதற்குப் பிறகுதான். அது பிறந்த கதையே ஒரு சமையலறைக் கதை. 1920-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தில் பஞ்சு கொள்முதல் வேலையில் இருந்தவர் எர்ல் டிக்சன். அவருடைய மனைவி ஜோசபின், சமைக்கும்போது அடிக்கடி கையை வெட்டிக்கொள்வார், சுட்டுக்கொள்வார். கட்டுப் போட இன்னொருவர் வேண்டும். பகலில் வீட்டில் யாரும் இல்லை. ஒட்டும் நாடாவின் நடுவே நெடுக காஸ் துணியை வைத்து, மேலே ஒரு துணியால் மூடி, டிக்சன் தயாராக வைத்துவிட்டார். வேண்டிய அளவு வெட்டி ஜோசபினே ஒட்டிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டே அது 'பேண்ட்-எய்ட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உதவிக்கு ஆளில்லாமல் அடுப்படியில் நிற்கும் ஒருத்தியை மனதில் வைத்துச் செய்த பொருள் அது. நம் வீட்டில் மட்டும் அது ஏன் பீரோவில் இருக்க வேண்டும்? பத்து பிளாஸ்திரியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ஈரம் படாத ஒரு சமையலறை அலமாரியில் வையுங்கள்.

"மூடாதே, காத்துப் படட்டும், காய்ந்தால்தான் ஆறும்" என்று சொல்லும் பெரியவர் எல்லா வீட்டிலும் உண்டு. 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் இதைச் சோதித்துப் பார்த்தார். மெல்லிய பாலிதீன் படலத்தால் மூடிய காயங்களில், காற்றாடவிட்ட காயங்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் புதுத்தோல் மூடியது. லேசான ஈரத்தில் தோல் செல்கள் சுலபமாக நகர்ந்து காயத்தை மூடுகின்றன. காய்ந்து பொருக்கு கட்டிவிட்டால், அதற்கு அடியில் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.

லேசான ஈரம் வேறு, ஊறிப்போவது வேறு. பாத்திரம் துலக்கி, துணி அலசி, மாவு கரைத்து நாள் முழுக்கத் தண்ணீரில் இருக்கும் கையில் பிளாஸ்திரி என்ன ஆகும்? பிரித்தால் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். கிருமிக்கு அதைவிட வசதி வேறில்லை. அதனால்தான் சொல்கிறேன், நனைந்தால் உடனே மாற்றுங்கள். நனையாவிட்டாலும் தினம் ஒருமுறை மாற்றுங்கள். வாட்டர்ப்ரூஃப் வகை கொஞ்சம் விலை கூடுதல்தான். ஆனால் சமையலறைக்கு அதையே வாங்கலாம். காயம் ஆறும்வரை பாத்திரம் தேய்க்கும் வேலையை வீட்டில் வேறு யாராவது செய்தால் இன்னும் நல்லது. செய்யக் கூடாதா என்ன?

ஒட்டும்போது தோல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நடுவிலுள்ள பஞ்சைத் தொடாதீர்கள். அது காயத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும். பசை காயத்தில் படக்கூடாது. விரலைச் சுற்றி இறுக்கிவிட்டால் நுனி நீலம் பாயும். மடங்கும் மூட்டு என்றால், பிளாஸ்திரியின் இரு முனைகளையும் நீளவாக்கில் நடுவே கத்தரித்து, நான்கு வால்களையும் குறுக்கும் மறுக்குமாக ஒட்டுங்கள். விரலை மடக்கினாலும் கழன்று வராது. பிரிக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல், ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, தோலை ஒட்டியபடியே மெல்ல உரியுங்கள். வயதானவர்களின் மெல்லிய தோல் பிளாஸ்திரியோடு கிழிந்து வந்துவிடும், ஜாக்கிரதை. கைக்குழந்தையின் விரலில் ஒட்டவே வேண்டாம். வாயில் வைத்து உறிஞ்சினால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

பிளாஸ்திரி உதவாத காயங்களும் உண்டு. நாய், பூனை கடித்தால் மூடாதீர்கள். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆழமாகப் பிளந்த காயம், அழுத்தியும் ரத்தம் நிற்காத காயம், ஆணி குத்தியது எல்லாம் டாக்டருக்கு உரியவை. டெட்டனஸ் ஊசி போட்ட தேதியை எங்காவது எழுதி வையுங்கள். தவணைகளை முழுமையாகப் போட்டவர்களுக்கு, சுத்தமான சின்னக் காயம் என்றால் 10 ஆண்டுகள்வரை மறு ஊசி வேண்டியதில்லை. மண், சாணம் பட்ட காயமென்றால் 5 ஆண்டுகள்தான் கணக்கு.

என் பெரிய கவலை சர்க்கரை நோய் உள்ளவர்களின் கால்களைப் பற்றியது. உணர்ச்சி மரத்த பாதத்தில் செருப்பு கடித்தாலும் தெரியாது. தெரிந்தாலும், "சின்னதுதானே" என்று ஒரு பிளாஸ்திரியை ஒட்டி மறந்துவிடுகிறார்கள். அதற்கடியில் புண் புரையோடுவது யாருக்கும் தெரிவதில்லை. இன்று இரவே அப்பாவின் பாதத்தை, விரல் இடுக்கு உட்பட, வெளிச்சத்தில் பாருங்கள். சின்னக் கீறல் இருந்தாலும் நாளைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்