மஞ்சளுக்குத் திறக்கும் கதவு மாத்திரைக்கும் திறக்கும்!

"சித்த மருந்துதானே டாக்டர், எதுகூடச் சாப்பிட்டா என்ன?"

தேனில் குழைத்துச் சாப்பிடச் சொன்ன சூரணத்தை வெந்நீரில் கலக்கி மடக்கென்று குடித்துவிட்டு வந்து இப்படிக் கேட்பார்கள். அனுபானம் என்பது கசப்பு தெரியாமலிருக்க நாங்கள் செய்யும் ஏற்பாடு என்று நினைப்பு!

மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தப்பித் தவறி உள்ளே போனாலும் குடல் சுவரும் கல்லீரலும் சும்மா விடுவதில்லை. குளுகுரோனிக் அமிலத்தை அதோடு ஒட்டி, சீக்கிரமே வெளியே தள்ளிவிடும். 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நல்ல உடம்புக்காரர்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஏறியது அற்ப சொற்பம். கூடவே மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். 20 மடங்கு ஏறியது! 20 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய எட்டுப் பத்து மிளகில் இருக்கும் சத்துதான். மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப்போட்ட பாட்டி மக்கு இல்லை.

இதைச் சொன்னால் கைதட்டுவீர்கள். அடுத்த பாதியையும் கேளுங்கள்.

பைப்பரின் மஞ்சளுக்கு மட்டும் வழிவிடுகிற விசுவாசி இல்லை. கல்லீரலின் கையைக் கட்டிப்போட்டால், அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் இங்கிலீஷ் மருந்தும் கரையாமல் தங்கும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் எல்லாமே இப்படி ரத்தத்தில் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். 2009-ல் இந்தியாவில் வந்த ஒரு காசநோய் மருந்தில், பைப்பரினைச் சேர்த்து ரிஃபாம்பிசின் அளவையே 200 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டார்கள். அது அளந்து செய்தது. வீட்டில் யார் அளக்கிறார்கள்?

ஒரு அம்மா மகனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். தள்ளாட்டம், எந்நேரமும் தூக்கம், கண்மணி ஓரிடத்தில் நிற்கவில்லை. பல வருஷமாக ஃபெனிட்டாயின் சாப்பிடுகிற பையன். "சளிக்குன்னு ஒரு மாசமா திரிகடுகம் கொடுக்கிறேங்க. சுக்கு, மிளகு, திப்பிலி... இது என்ன பண்ணப்போகுது?" என்றார். மிளகில் மட்டுமில்லை, திப்பிலியிலும் பைப்பரின் உண்டே! அவனுடைய நரம்பு டாக்டரிடமே அனுப்பினேன். ரத்தத்தில் மருந்து அளவு மீறியிருந்தது. சூரணத்தை நிறுத்தி, மாத்திரை அளவை அவர் சரிசெய்தார். பத்து நாளில் பையன் நேராக நடந்தான்.

அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். சூரணம் கொடுத்த வைத்தியர் "வேறென்ன மாத்திரை சாப்பிடுறே?" என்று கேட்டிருக்க வேண்டாமா? எங்கள் ஆட்களில் பலர் அந்தச் சீட்டை வாங்கிப் பார்ப்பதையே கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு.

ரசத்து மிளகுக்குப் பயப்படாதீர்கள். நான் சொல்வது தினமும் மருந்தளவில் எடுக்கிற சூரணத்தையும், மிளகுச் சத்து சேர்த்து விற்கிற மஞ்சள் மாத்திரைகளையும்தான். இத்தாலியில் 2019-ல் மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்து, அரசாங்கமே எச்சரித்தது.

வலிப்பு, இதயம், ரத்தம் உறையாமலிருக்க என்று மாத்திரை சாப்பிடுபவர்கள் எங்களிடம் வரும்போது அந்தச் சீட்டோடு வாருங்கள். அங்கே போகும்போது சூரணப் பொட்டலத்தையும் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.