பாட்டி கேட்ட கேள்வி

தீர்த்தமலை அடிவாரத்தில் எனக்கு வேண்டிய குடும்பம் ஒன்று உண்டு. அந்த வீட்டுப் பையன் எஞ்சினீயரிங் காலேஜில் முதல் வருஷம். போன விடுமுறையில் நான் போயிருந்தபோது, தன் ‘டிஸைன் பிராஜெக்ட்’ என்று ஒரு பொம்மை வண்டியைக் காட்டினான். தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அது ஓடிற்று.

“இதை நீயா செய்தாய்?”

“இல்லை மாமா. கடையிலே செட்டா விக்கறாங்க. மாட்டினா ஓடும். ஓடினா மார்க்.”

உண்மையைச் சொன்ன பையன்மேல் எனக்குக் கோபமில்லை. ‘முதல் வருஷப் பையனுக்கு என்ன தெரியும்? கணிதமும் பௌதிகமும் படிக்கட்டும். சொந்தமாகச் செய்வதெல்லாம் கடைசி வருஷத்தில் ஆகட்டும்’ என்கிறார்களே, அந்தப் பெரிய மனிதர்கள்மேல்தான் கோபம். நீந்தக் கற்ற பிறகே கிணற்றில் இறங்கு என்கிற உபதேசம் இது!

திண்ணையில் அவனுடைய பாட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் மடங்காது, பல்லில் பழுப்புக் கறை. தர்மபுரி ஜில்லாவில் இது அதிசயமல்ல. பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் புளோரைடின் வேலை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். காய்ச்சினாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் காவிரியைக் கொண்டுவந்தது; வாஸ்தவம். அதுவரை கிணற்று நீரையே குடித்த எலும்பை எந்தக் காவிரி நிமிர்த்தும்?

இந்த நீரைத் திருத்த நாகபுரி ஆராய்ச்சிக் கூடத்தார் ‘நளகொண்டா முறை’ என்று ஒன்றை வகுத்தார்கள். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கி, தெளியவிட்டு, வடித்துக் குடிப்பது. வீட்டுக்கு ஒரு வாளி போதும். வாளியில் குழாயை எங்கே வைப்பது? அடியில் வைத்தால் வண்டலும் கூடவே வரும். எழுத்தறியாத பாட்டி படிகாரத்தை எதனால் அளப்பாள்? மடங்காத காலோடு எப்படிக் குனிந்து கலக்குவாள்? இதற்கெல்லாம் உயர் கணிதமா வேண்டும்? பாட்டியோடு உட்கார்ந்து பேசும் பொறுமை வேண்டும். ‘ஊருக்கு ஊர் படிகாரத்தின் அளவு மாறுகிறதே, ஏன்?’ என்று அவனுக்கே தோன்றுகிற அன்று, ரசாயனப் புத்தகத்தை யாரும் சொல்லாமலே தேடி எடுப்பான்.

வாளி தோற்றுப்போனால்? தோற்கட்டுமே! பட்டம் வாங்கிவிட்டுப் பாலத்தில் தோற்பதைவிட, முதல் வருஷத்தில் வாளியில் தோற்பது மேல். ஏன் தோற்றது என்று எழுதுகிறவனுக்கு மார்க் போடுங்கள். அமெரிக்காவில் பர்டியூ சர்வகலாசாலை 1995-இல் தொடங்கிய திட்டத்தில், முதல் வருஷ மாணவர்களும் மூத்தவர்களோடு சேர்ந்து உள்ளூர்ச் சேவை நிலையங்களுக்கு வேண்டிய சாதனங்களைச் செய்து தருகிறார்கள். நம் பையன்களுக்கு மட்டும் மூளை கடைசி வருஷத்தில்தான் முளைக்குமா?

புறப்படும்போது பையனைக் கேட்டேன்: “வண்டியைப் பார்த்துப் பாட்டி என்ன சொன்னாள்?”

“‘இது எதுக்குடா ஆகும்?’னு கேட்டாங்க மாமா.”

மார்க் போட்டவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.