திறந்து கிடக்கும் வைபை! மாட்டிக்கொள்வது யார்?

2008-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி ஆமதாபாத் நகரில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன. 56 பேர் மாண்டார்கள்.

குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு, பத்திரிகை அலுவலகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதை அனுப்பியது யார்? போலீசார் துப்புத் துலக்கினார்கள். தடம் நவி மும்பையில் ஒரு வீட்டில் போய் முடிந்தது.

அங்கே குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். அவருக்கும் குண்டு வெடிப்புக்கும் தொடர்பு இல்லை. அவருடைய வைபை இணைப்பைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தி, யாரோ மின்னஞ்சலை அனுப்பிவிட்டார்கள். ஆனால் விசாரணைக்கு ஆளானவர் அவர்தான்!

காட்டிக் கொடுத்த எண்

அந்த வீட்டைக் காட்டிக் கொடுத்தது ஐ.பி. எண். அது என்ன?

திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி மக்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். பக்கத்தில் உள்ள வாணியம்பாடி, ஆம்பூர் ஷூ கம்பெனிகளை நினைத்துப் பாருங்கள். வெளியே இருந்து வரும் கடிதத்துக்குக் கம்பெனி விலாசம் ஒன்றே போதும். உள்ளே வேலை செய்பவர்களுக்கோ ஆளுக்கு ஓர் எண் உண்டு.

வீட்டு இணையமும் அப்படித்தான். வெளி உலகுக்குத் தெரிவது ஒரே எண். அதை இணைப்பு தரும் கம்பெனி கொடுக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் செல்போன், டி.வி., கேமரா ஆகியவற்றுக்கு ரவுட்டர் பெட்டி தனித்தனி எண் கொடுக்கிறது.

ஏன் இந்த ஏற்பாடு? பழைய முறையில் உலகம் முழுவதற்கும் இருப்பவை சுமார் 429 கோடி எண்கள். அவற்றின் தலைமைக் கையிருப்பு 2011-ம் ஆண்டு பிப்ரவரி மாதமே தீர்ந்துவிட்டது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே எண்ணைக் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. ஆனாலும் எந்த நேரத்தில் எந்த வீடு என்ற கணக்கைக் கம்பெனி வைத்திருக்கும்.

ஆகவே, பக்கத்து வீட்டுக்காரன் தப்பு செய்தாலும், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதல் கேள்வி வரும்.

பூட்டு இரண்டு

ரவுட்டருக்குப் பூட்டு ஒன்று அல்ல, இரண்டு. வைபையில் சேருவதற்கு ஒரு பாஸ்வேர்டு. பெட்டியின் அமைப்புகளை மாற்றுவதற்கு இன்னொரு பாஸ்வேர்டு. பலர் முதல் பூட்டை மட்டும் மாற்றுகிறார்கள். இரண்டாவது பூட்டு "அட்மின்" என்றே கிடக்கிறது. அது ஊருக்கே தெரிந்த சாவி!

2017-ம் ஆண்டு ஜூலை மாதம் நடந்தது என்ன? பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் செயல் இழந்தன. பழைய பாஸ்வேர்டு மாற்றப்படாத பெட்டிகளுக்குள் கெட்ட நிரல் புகுந்ததே காரணம். உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

குற்றம் மக்கள் மீது மட்டும்தானா? இல்லை. எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவி போட்டு விற்றவர்களுக்கும் பங்கு உண்டு. அத்தகைய பொதுப் பாஸ்வேர்டுடன் விற்பதை இங்கிலாந்து 2024-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி முதல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.

பத்து நிமிட வேலை

ரவுட்டரின் அடியில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும். வைபையில் இணைந்த செல்போனில், இணையப் பக்கம் திறக்கும் இடத்தில் அதை அடித்தால் பெட்டியின் பக்கம் திறக்கும்.

முதலில் இரண்டு பாஸ்வேர்டுகளையும் மாற்ற வேண்டும். செல்போன் எண், பிள்ளையின் பெயர், பிறந்த தேதி வேண்டாம். தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வைக்கலாம்.

அடுத்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவை நான்கு செல்போன், ஒரு டி.வி. பட்டியலிலோ ஏழு எண்கள்! அப்படியானால் மீதி இரண்டு யாருடையவை? அடையாளம் தெரியாவிட்டால், வைபை பாஸ்வேர்டை மாற்றியதும் அந்நியர் தாமாக வெளியேறிவிடுவார்.

கேமராவுக்கும் பிரிண்டருக்கும் மாறாத எண் ஒதுக்கி வைப்பது நல்லது. ஆனால் ஒரே எண்ணை இரண்டு கருவிகளுக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் தடுமாறும்.

விருந்தினர் கேட்டால்? "கெஸ்ட்" என்ற தனி வைபை பல பெட்டிகளில் உண்டு. அதைக் கொடுத்து அனுப்பலாம். வீட்டுச் சாவி வீட்டிலேயே இருக்கும்.